வியாழக்கிழமை போட்ட கடிதம்

வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது என் தொழில். உட்துறைமுக வீதியில் சிறிய கடை. படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. அதிலும் கணிதம் இரண்டாம் தடவைதான் சித்தி. என் மனைவி கலாநிதிப் பட்டம் எடுத்தவள். இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் என் முகத்தையும் பிறகு என் கையையும் பார்ப்பார்கள். கையில் கிறீஸ் இருக்கும். எனக்கு அதில் கவலை ஒன்றும் இல்லை. பிள்ளையார் அவளுக்கு ஒன்றைக் கொடுத்தார், எனக்கு வேறொன்றைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அவள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்கும் போய், சமைத்து, மகளையும் பார்த்துக்கொண்டு, ஏழு வருடமாக அந்தப் படிப்பைப் படித்தாள். கடலடியில் புல்லாய் முளைக்கும் சாதாழைதான் அவளுடைய ஆய்வு. கரையில் ஒதுங்கினால் நாங்கள் காலால் தள்ளிவிட்டுப் போகிற அதே சாதாழை. அது எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு அடர்த்தியாக முளைக்கிறது என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஒரு சதுரம் வேண்டும் என்றாள். தண்ணீர்க் குழாயை வெட்டி, அரை மீற்றர் நீள அகலத்தில் நான் ஒட்டிக் கொடுத்தேன். அது மிதந்துவிடாமல் குழாயில் துளை போட்டதும் நான்தான். விடுமுறை நாட்களில் அவளை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போவேன். திரியாய்ப் பக்கம்வரை போயிருக்கிறோம். அவள் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கி, சதுரம் விழுந்த இடத்தில் உள்ளே நிற்பதை மட்டும் எண்ணுவாள். ஒரு சாண் தள்ளி எவ்வளவு செழிப்பாக நின்றாலும் தொடமாட்டாள்.

"அந்தப் பக்கம் நல்லா நிக்குது. அதையும் எண்ணுமன்," என்று ஒரு நாள் நான் வள்ளத்தில் இருந்தபடி சொன்னேன்.

"விரும்பின இடத்தில எண்ணினா அது ஆய்வு இல்லையப்பா. ஆசை," என்றாள்.

பட்டம் கிடைத்தவுடன் பல்கலைக்கழகத்தில் வேலை தானாக வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி வருவதில்லை என்று பிறகு தெரிந்தது. யாராவது ஓய்வு பெற வேண்டும், இடம் காலியாக வேண்டும், அந்த இடத்துக்கு அனுமதி வர வேண்டும், பிறகு பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அவள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பாள். ஒரு கிழமை பௌதிகவியலுக்குக் கேட்டிருப்பார்கள். இன்னொரு கிழமை கணக்கியலுக்கு. கடல் உயிரியலுக்குக் கேட்டால் தற்காலிகமாகக் கேட்டிருப்பார்கள். ஒரு வருடத்தில் முடிந்துவிடும். நிரந்தர ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டு எப்படிப் போவது? பேப்பரை மடித்து வைத்துவிட்டு மரக்கறி வெட்டப் போய்விடுவாள். இப்படி மூன்று வருடம் போனது.

பிறகு ஒரு ஞாயிறு அவள் பேப்பரை மடிக்கவில்லை. வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சிரேஷ்ட விரிவுரையாளர் பதவி. கடல் உயிரியல். கலாநிதிப் பட்டம் வேண்டும், அது இருந்தது. வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், அவையும் இருந்தன. வயது நாற்பத்தைந்துக்கு மேற்படக் கூடாது. அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கும் சில மாதங்களும்.

"இது போனா இந்தப் படலை எனக்குப் பூட்டு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

விண்ணப்பம் என்றால் ஒரு தாள் என்று நினைத்திருந்தேன். ஒரு கட்டு வந்தது. சான்றிதழ்களின் பிரதிகள், ஒவ்வொன்றிலும் சமாதான நீதவானின் முத்திரை, கட்டுரைகளின் பட்டியல், அவளைத் தெரிந்த பேராசிரியர்கள் இருவரின் விபரம். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் தங்கள் தலைவர் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதால் அதிபரின் கையொப்பமும் வேண்டும். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத வேண்டும். அவள் எல்லாவற்றையும் செய்துவிட்டாள். அதிபர் மட்டும் வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார்.

அவளோ ஞாயிற்றுக்கிழமையே மட்டக்களப்புக்குப் போக வேண்டியிருந்தது. உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணி, பத்து நாள். போகும்போது தாள்கள் எல்லாம் போட்ட கோவையை என் கையில் தந்தாள்.

"திங்கள் காலமை அதிபரிட்ட கையொப்பம் வாங்கி, உறையை ஒட்டி, நேரா தபால் கந்தோருக்குப் போங்கோ. பதிவுத் தபால். திரும்பி வாற அட்டையும் சேர்த்துப் போடுங்கோ. வெள்ளிதான் கடைசி. விளங்குதோ?"

"எனக்கு விளங்காம என்ன," என்றேன்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலோடு ஒரு சிறிய அட்டையும் போகும். கடிதத்தை வாங்குகிறவர்கள் அதில் திகதி போட்டுக் கையொப்பம் வைத்தால் அது எங்களிடம் திரும்பி வரும். கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி.

திங்கட்கிழமை அதிபரிடம் கையொப்பம் வாங்கிவிட்டேன். அவர் நல்ல மனிதர், கதிரை தந்து இருத்தி, "எங்களுக்கு நட்டம், அவவுக்கு நல்லது," என்று சொல்லிக் கையொப்பம் வைத்தார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போதுதான் அன்றைக்கு அட்டமி என்பது ஞாபகம் வந்தது.

நான் நாள் பார்க்கிறவன். எஞ்சினைப் பிரிப்பதென்றாலும் நாள் பார்ப்பேன். கடை திறந்தது, வீடு கட்டியது, மகளுக்கு ஏடு தொடக்கியது எல்லாம் நாள் பார்த்துத்தான். அந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பியபோதும் அவளுக்குத் தெரியாமல் நாள் பார்த்திருக்கிறேன், நல்லபடியாக முடிந்தது. இப்போது ஏழு வருடப் படிப்பை அட்டமியில் கொண்டுபோய்த் தபாலில் போடச் சொன்னால் என் கை போகவில்லை. செவ்வாய் நவமி. புதன்கிழமை போட்டிருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த நாள் வியாழன் என்று நினைத்தேன். வியாழன் குருவுக்குரிய நாள். படிப்பிக்கிற வேலைக்கு அதைவிட நல்ல நாள் வேறு என்ன இருக்கிறது? வெள்ளிதானே கடைசி.

பிழை அங்கேதான் நடந்தது. வெள்ளிக்கு முன்னர் தபால் முத்திரை விழுந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அதுவரை நான் தபாலில் அனுப்பிய விண்ணப்பங்கள் இரண்டோ மூன்றோதான். அவற்றில் போட்ட திகதியைத்தான் பார்த்தார்கள். இதில் வெள்ளிக்கிழமை அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விளம்பரத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

வியாழன் காலையில் குளித்து, கோயிலுக்குப் போய், கோவையைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து அவளுடைய பெயருக்கு அருச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். பிறகு ஒவ்வொரு தாளின் நான்கு மூலையிலும் துளி மஞ்சள் வைத்தேன். கலியாணக் கடுதாசிக்கு வைப்போமே, அப்படி. உறைக்கும் வைத்தேன். பதவியின் பெயர் எழுதிய மூலையில் எழுத்து மறையாமல் கவனமாக வைத்தேன். பத்தரை மணிக்குத் தபால் கந்தோரில் கொடுத்துப் பதிவுச் சீட்டை வாங்கினேன். அன்று இராகு காலம் ஒன்றரைக்குத்தான். மனம் நிறைவாக இருந்தது. கடைக்குப் போய் இரண்டு எஞ்சின் திருத்தினேன்.

அவளுக்குத் தொலைபேசியில், "போட்டாச்சு," என்றேன். அது பொய் இல்லை. எப்போது என்று அவள் கேட்கவில்லை. சொன்ன நாளில் செய்திருப்பேன் என்று நம்பினாள்.

ஒரு கிழமைக்குள் அட்டை வந்தது. தபால்காரருக்கு என்னைத் தெரியும், வீட்டுக்குரிய தபாலையும் கடையிலேயே தந்துவிடுவார். அன்றும் அப்படித் தந்தார். அட்டையில் கையொப்பம் இருந்தது, முத்திரை இருந்தது, திகதி இருந்தது. வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை.

அப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. மேசைக்கடியில் பழைய பேப்பர்க் கட்டு இருந்தது. அந்த விளம்பரத்தைத் தேடி எடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கடைச் சுவரில் இருக்கும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அந்த அட்டையைச் செருகினேன். ஏன் அங்கே வைத்தேன் என்று கேட்டால், வேறு இடம் தோன்றவில்லை.

அவள் வந்தாள். அட்டை வந்ததா என்று ஒரு தரம் கேட்டாள். "வரும்," என்றேன். இது பொய்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஒரு வழக்கம் தொடங்கியது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தால் பதினைந்து நிமிடம் படிப்பித்துக் காட்டச் சொல்வார்களாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்தில் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, என்னை முன்னால் ஒரு கதிரையில் இருத்தி, அவள் நின்றுகொண்டு சொல்லுவாள். மகள் கைத்தொலைபேசியில் நேரம் பிடிப்பாள்.

"அப்பா, நீங்கள்தான் பேராசிரியர்மார். அஞ்சு பேரும் நீங்கள்தான். கொஞ்சம் முறைச்சுப் பாருங்கோ," என்றாள் மகள்.

"அவர் முறைச்சா நித்திரை வாற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

நான் முறைத்துப் பார்த்தேன். சாதாழை நிற்கிற இடத்தில் மீன்குஞ்சு வளர்வதைப் பற்றி அவள் சொன்னாள். படத்தில் எங்கள் சதுரம் வந்தது, துளை போட்ட குழாய் தெளிவாகத் தெரிந்தது. பதினெட்டு நிமிடம் போய்விட்டது என்று மகள் கத்தினாள். முடிவில் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, "கேள்வி ஏதும் இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு என்ன கேள்வி இருக்கும்? "நங்கூரம் போட்டா சாதாழை அழியுமோ?" என்று கேட்டேன்.

அவள் சந்தோஷப்பட்டாள். "இதைத்தான் அவையும் கேப்பினம். நீங்கள் நல்லாக் கேக்கிறீங்கள்," என்று சொல்லி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அப்படி நாலு ஞாயிறு. ஒவ்வொரு முறையும் அவள் ஒரு நிமிடம் குறைத்துக்கொண்டு வந்தாள். நான் ஒவ்வொரு முறையும் அந்தக் கதிரையில் இருந்தேன்.

பிள்ளையாரிடம் நான் என்ன கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில், அட்டையில் திகதி பிழையாகப் போட்டிருக்க வேண்டும் என்று கேட்டேன். பிறகு, அங்கே யாராவது இரக்கப்பட்டு அந்த உறையை உள்ளே சேர்த்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் பிறகு, அவள் கேட்காமலே இருக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த மூன்றாவதைக் கேட்ட அன்று கோயிலை விட்டு வரும்போது திருநீறு எடுக்காமல் வந்துவிட்டேன்.

கடையில் ஒரு நாள் ஒரு பெரிய எஞ்சினைப் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தேன். அதிர்ச்சியில் படம் ஆணியிலிருந்து சரிந்து, அட்டை கீழே விழுந்தது. எஞ்சினுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றார். கிண்ணியாக்காரர், இரண்டு வள்ளம் வைத்திருப்பவர், என்னிடம் இருபது வருடமாக வருகிறார். அவர்தான் எடுத்தார். வாசிக்கத் தெரிந்தவர்.

"என்ன அண்ணன், பிள்ளையார்ர முதுகுக்குப் பின்னால தபால் கந்தோர் நடக்குதா?" என்றார்.

 அவர் என் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டமி, நவமி, வியாழன் எல்லாம்.

"நாங்களும் அல்லாஹ்ட பேரச் சொல்லித்தான் ஒரு வேலையத் தொடங்குற. ஆனா பேரச் சொல்ல ஒரு நிமிசம் போதும், அண்ணன். நாலு நாள் வேணாம்," என்றார்.

"அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"அவ டொக்டர் படிப்புப் படிச்ச மனிசி. நீங்க சொல்லாட்டியும் கண்டுபிடிச்சிருவா. கண்டுபிடிக்கிறத்துக்கு முதல் சொன்னீங்கண்டா, ஏச்சோட போயிரும். இல்லாட்டி இந்தக் கடையில பாய் போட வேண்டியதுதான்." அட்டையை என் சட்டைப்பையில் வைத்தார். "இனி இது அங்க இருக்க வேணாம். அவர்ர இடத்த விட்டிருங்க."

சட்டைப்பையில் வைத்தபடி இரண்டு நாள் திரிந்தேன். சட்டையைத் தோய்க்கப் போடும்போது எடுத்து மற்றச் சட்டையில் வைத்தேன்.

ஐந்தாவது ஞாயிறு. அன்றைக்கு அவள் சரியாகப் பதினைந்து நிமிடத்தில் முடித்தாள். மகள் கைதட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். மனைவி தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "இவ்வளவு நாளா ஒரு பதிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறன். முதல் பஸ்ஸில போய் நேரிலயே கேட்டுக்கொண்டு வாறன். அங்க கடிதம் துலைஞ்சிருந்தாலும் எங்களிட்ட பதிவுச் சீட்டு இருக்குத்தானே. அதை எங்க வச்சனீங்கள்?"

 அவள் அந்த அலுவலகத்தில் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பதையும், யாரோ ஒருவர் அதிலிருக்கும் திகதியை அவளுக்கு வாசித்துக் காட்டுவதையும் நினைத்துப் பார்த்தேன். பிற ஆட்களுக்கு முன்னால் அவள் அதை அறியக் கூடாது.

பழக்கத்தில் அவள், "கேள்வி ஏதும் இருக்கா?" என்று சிரித்தாள்.

"கேள்வி இல்லை. ஒரு கதை இருக்கு," என்றேன். "அந்தக் கடிதம் பிந்திப் போனது."

அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. அது முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

"எப்ப போட்டனீங்கள்?"

"வியாழக்கிழமை."

"திங்கள் கையொப்பம் கிடைக்கேல்லையா?"

"கிடைச்சது. அட்டமி. அடுத்த நாள் நவமி. வியாழன் குருவின்ர நாள் எண்டு..."

"போய்ச் சேர்ந்தது?"

"அடுத்த திங்கள்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அட்டை வந்த அண்டைக்கு. ஆறு கிழமை."

அவள் விரலால் எதையோ எண்ணினாள். "அப்ப இந்த அஞ்சு ஞாயிறும் தெரிஞ்சுகொண்டுதான் இந்தக் கதிரையில இருந்தனீங்கள்."

"ஓம்."

"நங்கூரம் பற்றிக் கேட்டனீங்கள்."

"ஓம்."

"அட்டையைத் தாங்கோ."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திகதியைப் பார்த்தாள். தன் கோவையைத் திறந்து அதற்குள் வைத்தாள். மடிக்கணினியை மூடி, கம்பியைச் சுற்றி வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டது. அன்றைக்கு அவ்வளவு தேங்காய் தேவைப்படவில்லை.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை லீவை இரத்துச் செய்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு தொலைபேசி எடுத்தாள். முடிவுத் திகதிக்குப் பிறகு வந்தவற்றைத் திறப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுவோம் என்று மரியாதையாகச் சொன்னார்களாம். அதை எனக்குச் சொன்னதும் அவள்தான். குரல் உயரவில்லை. பிறகு ஒரு வாரமளவில் சோறு, தேத்தண்ணீர், மகளின் ரியூசன் தவிர வேறு கதை இல்லை.

ஒரு பின்னேரம் நான் விளக்குக் கொளுத்திக்கொண்டிருந்தபோது அவள் வந்து வாசலில் நின்றாள்.

"நாள் பாத்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை," என்றாள். "அது உங்கட நம்பிக்கை. ஆனா ஆருக்காக நாள் பாத்தனீங்கள்? எனக்கெண்டா, என்னட்டக் கேட்டிருப்பீங்கள்."

 யோசித்துப் பார்த்தால், அந்தக் கட்டுத் தாள்களைக் கையில் வாங்கியபோது எனக்குப் பயமாக இருந்தது. நான் தொட்டதால் ஏதும் பிழைத்துவிடுமோ என்ற பயம். என் பயத்துக்குத்தான் நாள் பார்த்தேன்.

உறை திரும்பி வந்தது. திறக்கவே இல்லை. 'பிந்திக் கிடைத்தது' என்று ஒரு முத்திரை. மூலைகளில் மஞ்சள் அப்படியே இருந்தது. அவள் கத்தரிக்கோலால் திறந்து தாள்களை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு தாளிலும் நான்கு மூலையிலும் மஞ்சள். அதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். விரலால் ஒரு மூலையைத் தடவிப் பார்த்தாள். தாள்களைக் கோவைக்குள் வைத்தாள்.

அதற்குள் அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்துவிட்டது. பிறந்தநாளன்று வட்டிலப்பம் என்ற இனிப்புச் செய்தோம். கிண்ணியா நண்பரின் வீட்டிலிருந்து செய்முறை கேட்டு வாங்கினோம். யாரும் வயதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கொஞ்ச மாதத்துக்குப் பிறகு அதே பல்கலைக்கழகம் வேறொரு வேலைக்கு ஆள் கேட்டது. ஆய்வாளர் பதவி. கிழக்குக் கரையின் சாதாழையைப் பற்றிய ஆய்வு, இரண்டு வருடம், கலாநிதிப் பட்டம் உள்ளவர்கள். விரிவுரையாளர் பதவி நிரந்தரம், இது அப்படியில்லை. சம்பளமில்லாத லீவில் போய், இரண்டு வருடம் முடிந்தால் பள்ளிக்கூடத்துக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் வயதெல்லை இல்லை. அவள் இரண்டு நாள் யோசித்தாள். என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அதிபரின் கையொப்பத்தோடு வந்து, கடை வாசலில் நின்று, "தபால் கந்தோருக்கு ஏத்திக்கொண்டு போங்கோ," என்றாள்.

அன்று வெள்ளி, நேரம் பதினொன்று. இராகு காலம். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவளே கொடுத்தாள், அவளே சீட்டை வாங்கினாள். முடிவுத் திகதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

இம்முறை அட்டையும் வந்தது, அழைப்பும் வந்தது. அவள் நேர்முகப் பரீட்சைக்குப் போய்விட்டு வந்த அன்று பின்னேரம் பஸ் நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பின்னாலிருந்து கதைத்துக்கொண்டு வந்தாள். காற்றில் பாதிதான் கேட்டது.

"பழைய பிரதிகளைத்தான் அனுப்பினனான். முத்திரை வச்சது தானே, ஏன் திரும்பவும் எடுப்பான் எண்டு. அவையள்ள ஒருத்தர் கேட்டார், மூலையெல்லாம் மஞ்சளா இருக்கே, இதென்ன கறை எண்டு."

நான் வேகத்தைக் குறைத்தேன். "என்ன சொன்னனீர்?"

"என்ட ஆய்வுக்கு வள்ளம் ஓட்டினவர் வச்சது எண்டு சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர். பிறகு நங்கூரம் போட்டாச் சாதாழைக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டார்."

  கண்ணில் ஏதோ விழுந்ததுபோல இருந்தது, துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வேலை கிடைத்தது. ஏற்றுக்கொள்வதாக எழுதி இரண்டு வாரத்துக்குள் கடிதம் அனுப்ப வேண்டும். அவள் ஒரு ஞாயிறு எழுதி, ஒட்டி, மேசையில் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. அவசரமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டே அந்த உறையை எடுத்து என் கையில் தந்தாள்.

"இதைப் போட்டுவிடுங்கோ," என்றாள்.  எப்போது என்று சொல்லவில்லை. படலையைத் திறந்து போய்விட்டாள்.

உறையோடு கொஞ்ச நேரம் நின்றேன். சுவரில் நாட்காட்டி இருந்தது. நான் அதைப் பார்க்கத் தேவையில்லை, அன்றைக்கு நவமி. திங்கட்கிழமையில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை இராகு காலம். தபால் கந்தோர் எட்டு மணிக்குத் திறக்கும். கோயில் வழியில்தான் இருக்கிறது. காலைப் பூசை மணி கேட்டது. வாசலில் வேகத்தைக் குறைக்காமல், மனதுக்குள் அவருடைய பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை.

எட்டு மணிக்கு நான்தான் முதல் ஆள். கவுண்டரில் இருந்த பெண் உறையை நிறுத்துவிட்டு, "அட்டையும் போடுறீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம், போடுங்கோ," என்றேன். "விலாசம் பள்ளிக்கூடத்துக்கு. கடைக்கு வேண்டாம். அவவின்ர கையிலயே கிடைக்கட்டும்."

சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பி வந்தேன். பூசை முடிந்திருந்தது. ஐயர் என்ன அருச்சனை என்று கேட்டார். இன்றைக்கு ஒன்றும் இல்லை ஐயா, சும்மா கும்பிட்டுவிட்டுப் போக வந்தனான் என்றேன். திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு கடைக்குப் போனேன். கிண்ணியாக்காரரின் எஞ்சின் பிரித்தபடி கிடந்தது.